கொஸ்லந்தைச் சுவர்

ஹப்புத்தளையில் பஸ் ஏறும்போது கம்பளிச் சட்டை வேண்டும். பெரகலைச் சந்தியில் திரும்பி, ஏ4 நெடுஞ்சாலையில் கொஸ்லந்தையைத் தாண்டி வெல்லவாயவில் இறங்கும்போது அந்தச் சட்டை மடியில் இருக்கும். வழியில் இரண்டு தடவையாவது காது அடைக்கும். எச்சில் விழுங்கினால் திறக்கும். ஹப்புத்தளை கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,400 மீற்றர் உயரம், வெல்லவாய சுமார் 200 மீற்றர். ஆயிரம் மீற்றர் இறங்கினால் வெப்பம் ஏறத்தாழ ஆறரைப் பாகை கூடும் என்பது காற்றின் பொதுக் கணக்கு. அப்படிப் பார்த்தால் இந்த ஒரே பஸ் பயணத்தில் எட்டுப் பாகை கூடிவிடுகிறது. ஒரு பக்க ஜன்னலில் பாறை உரசுவதுபோல் வருகிறது. மறுபக்க ஜன்னலில் வெகு கீழே பச்சையும் நீலமும் கலந்த சமவெளி. வானம் தெளிந்த நாளில் அதற்கும் அப்பால் கடலின் கோடு.

ஊவாவுக்குச் சுற்றுலா வருகிறவர்கள் கையில் ஒரு பட்டியல் இருக்கும். எல்ல மலையிடைவெளி, ஒன்பது வளைவுப் பாலம், லிப்டன் சீற், தியலும நீர்வீழ்ச்சி, புதுருவகலச் சிலைகள், கதிர்காமம். ஒவ்வொன்றுக்கும் தனிப் படம், தனிக் கதை. இந்தப் பாதையில் பலமுறை போய்வந்த பிறகுதான் எனக்கு ஒன்று பிடிபட்டது. இத்தனையும் ஒரே பொருளின் வேலை. அந்தப் பொருள் மத்திய மலைநாட்டின் தெற்கு விளிம்பு. கிழக்கு மேற்காக நீண்டு, ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் உயரத்துக்கு நிற்கும் பாறைச் சுவர். அருவியை விழவைப்பதும், தேயிலைக்கு மணம் ஏற்றுவதும், ரயில் பாதையைச் சுருட்டி வளைத்ததும் அதுதான். 2014இல் கொஸ்லந்தையின் மீரியபெத்தைத் தோட்டத்தில் சரிந்து தொழிலாளர் லயங்களை மூடிய மண்ணும் அதன் காலடியில் கிடந்த மண்தான். கொஸ்லந்தை இந்தச் சுவரின் இடுப்பில், ஒரு படிக்கட்டில் உட்கார்ந்திருப்பதுபோல் உட்கார்ந்திருக்கிறது.

முதலில் சுவரின் வயதைப் பார்ப்போம். இந்தப் பாறைகள் இன்றைய உருவத்தைப் பெற்றது 60 கோடி முதல் 55 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. அப்போது இலங்கை ஒரு தீவே இல்லை. தென்னிந்தியா, மடகாஸ்கர், ஆபிரிக்கா, அண்டார்ட்டிக்கா எல்லாம் ஒன்றோடொன்று மோதி கொண்டுவானா என்ற பெருங்கண்டமாக ஒட்டிக்கொண்டிருந்த காலம். அந்த மோதலின் நடுவில் சிக்கிய நிலம், 20, 30 கிலோமீற்றர் ஆழத்தில், 800 பாகை அளவு வெப்பத்தில் வெந்தது. பழைய கடற்கரை மணல் குவார்ட்சைட் ஆனது. சேறும் களியும் செம்மணிக்கல் பதித்த பட்டைப் பாறையாயின. சுண்ணாம்புப் படிவு பளிங்கானது. கரும்பச்சை நிறமும் எண்ணெய் தடவியதுபோன்ற மினுமினுப்பும் கொண்ட சார்னொக்கைட்டும் அங்கேதான் பிறந்தது.

சார்னொக்கைட் என்ற பெயரில் ஒரு தமிழ்நாட்டுத் தொடர்பு இருக்கிறது. கல்கத்தா நகருடன் பெயர் இணைந்த ஜொப் சார்னொக்கின் கல்லறைக் கல் இந்த வகைப் பாறை. அந்தக் கல் போனது சென்னைப் பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்திலிருந்து. அதை ஆராய்ந்த தோமஸ் ஹொலண்ட் 1893இல் பாறைக்குச் சார்னொக்கின் பெயரையே சூட்டினார். ஆக, பரங்கிமலையிலும் நீலகிரியிலும் நம் மலைநாட்டிலும் இருப்பது ஒரே வகைப் பாறை. இருநூறு வருடங்களுக்கு முன் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே நடந்து இந்த மலைகளுக்கு வந்த நம் முன்னோர், தாங்கள் விட்டுவந்த நாட்டில் இருந்த அதே வகைப் பாறை மீதுதான் மறுபடியும் கால் வைத்தார்கள். அவர்களுக்கு அது தெரிந்திருக்க வழியில்லை.

பூமிக்குள் 25 கிலோமீற்றர் ஆழத்தில் கிடந்த பாறை இப்போது ஹப்புத்தளைக் கடைத்தெருவுக்குப் பின்னால் வெயில் காய்கிறது என்றால், அதன் மேலிருந்த அத்தனை கிலோமீற்றரும் தேய்ந்து கரைந்து கடலுக்குப் போய்விட்டன என்று பொருள். அந்தத் தேய்வு ஒரே சீராக நடக்கவில்லை. 1929இல் கனேடியப் புவியியலாளர் பிராங்க் டோசன் அடம்ஸ் இலங்கையின் நிலத்தை மூன்று படிகளாகப் பார்த்தார். கரையோரத் தாழ்நிலம் ஒன்று, அதற்கு மேல் குன்றுகள் நிறைந்த இடைப்படி ஒன்று, எல்லாவற்றுக்கும் மேலே ஹோர்ட்டன் சமவெளியும் நுவரெலியாவும் இருக்கும் உயர்படி. பிறகு இலங்கையில் பணியாற்றிய டி. என். வாடியா, நிலம் பிளந்து பாளம் பாளமாக உயர்ந்ததால்தான் இந்தப் படிகள் உண்டாயின என்றார். படிகள் எப்படி வந்தன என்ற வாதம் அறிஞர்களிடையே நீண்டது. படிகள் இருப்பதைப் பார்க்க அறிஞராக வேண்டியதில்லை. பெரகலையில் நின்று கீழே பார்த்தால் போதும்.

சுவர் எவ்வளவு வேகமாகத் தேய்கிறது? இதை அளக்கும் வழி எனக்கு எப்போதும் ஆச்சரியம் தருவது. விண்வெளியிலிருந்து ஓயாமல் வந்து விழும் காஸ்மிக் கதிர்கள் நிலத்தின் மேற்பரப்பில் இருக்கும் குவார்ட்ஸ் மணிகளைத் தாக்கி, அவற்றுக்குள் பெரிலியம்-10 என்ற அரிய அணுக்களை உண்டாக்குகின்றன. மணி எவ்வளவு காலம் மேற்பரப்பில் கிடந்ததோ அவ்வளவுக்கு அந்த அணுக்கள் சேரும். நிலம் மெல்லத் தேய்ந்தால் நிறையச் சேரும். வேகமாகத் தேய்ந்தால் சேருமுன் மணல் ஆற்றோடு போய்விடும். ஓடையில் ஒரு கைப்பிடி மணல் அள்ளி அந்த அணுக்களை எண்ணினால், அந்த ஓடைக்கு மேலே உள்ள மலை முழுவதும் தேயும் வேகம் தெரிந்துவிடும். மேல் மகாவலிப் பகுதியில் இப்படி அளந்து 2003இல் முடிவுகளை வெளியிட்டார்கள். காடு மூடிய மலை ஆயிரம் வருடத்துக்கு ஒன்றிரண்டு சென்டிமீற்றர் அளவில்தான் தேய்கிறது. உலகின் வெப்பமண்டல மலைகளில் இது வியக்கத்தக்க மந்தம். அதே மலையில் காடு அழித்துப் பயிர் செய்யும் இடங்களில் மண் போகும் வேகமோ அதைப்போல் 10 மடங்கிலிருந்து 100 மடங்கு வரை. இந்த இரண்டு எண்களையும் வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி அருவிக்கு வருவோம்.

கொஸ்லந்தையிலிருந்து வெல்லவாய நோக்கி ஆறு கிலோமீற்றர் போனால் பாதையோரத்திலேயே தியலும நிற்கிறது. 220 மீற்றர். நாட்டின் இரண்டாவது உயரமான அருவி என்று பொதுவாகச் சொல்வார்கள். முதலாவதான பம்பரகந்தவும், 263 மீற்றர், இதே சுவரில் மேற்கே ஹல்துமுல்லப் பக்கத்தில் விழுகிறது. இரண்டு பெரிய அருவிகளும் ஒரே சுவரில் இருப்பதற்குக் காரணம் உண்டு. பெரிய ஆறு சுவரைக் கண்டால் அறுத்துக்கொண்டு போய்விடும். கிரிந்தி ஓயா அப்படி அறுத்த வாசல்தான் எல்ல மலையிடைவெளி. சின்ன ஓடைக்கு அந்தப் பலம் இல்லை. தியலுமவில் விழும் புனகல ஓயா அப்படிப்பட்ட ஓடை. அறுக்க முடியாத ஓடை குதிக்கிறது. உலகப் புகழ் பெற்ற காட்சிக்குக் காரணம் ஒரு சிற்றோடையின் பலவீனம் என்பதை நினைத்தால் மனம் நெகிழ்கிறது.

220 மீற்றரை ஒரு கல் தடையின்றிக் கடந்தால் ஏழு விநாடிக்குள் தரையைத் தொடும். அப்போது அதன் வேகம் மணிக்கு 230 கிலோமீற்றருக்கு மேல். தண்ணீர் அப்படி வருவதில்லை. பாறையில் உரசி, காற்றில் சிதறித் துளியாகிவிடுகிறது. துளியானதும் அதற்கு ஒரு வேக எல்லை வந்துவிடுகிறது. எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தாலும் பெரிய மழைத்துளி ஒன்று விநாடிக்கு 9 மீற்றருக்கு மேல் போகாது, காற்று தடுத்துவிடும். வரட்சி மாதங்களில் பாதைப் பாலத்தில் நின்று பார்த்தால் அருவி விழுவதுபோலவே தெரியாது. வெள்ளைச் சேலை ஒன்றைப் பாறையில் உலரப் போட்டு, காற்று அதன் முந்தானையை இழுப்பதுபோல் இருக்கும். கார்த்திகை மார்கழியில் போனால் பேச்சுக் கேட்காது.

அருவியின் தலைக்குப் போக வேண்டுமானால் பூனாகலைப் பக்கமாக ஏறி, மாக்கல்தெனியத் தோட்ட வழியாக வரவேண்டும். அங்கே பாறையில் தட்டுத் தட்டாகக் குளங்கள். குளங்களின் ஓரத்தில் குனிந்து பாருங்கள். உரலில் குடைந்ததுபோல் வட்டமான குழிகள் இருக்கும். சில குழிகளில் கைவிட்டால் அடியில் உருண்டைக் கற்கள் தட்டுப்படும். அவைதான் குடைந்த கருவிகள். வெள்ள காலத்தில் சுழலுக்குள் அகப்பட்ட கல் ஒன்று ஒரே இடத்தில் நின்று சுற்றிச் சுற்றிப் பாறையை அரைக்கிறது. தானும் தேய்ந்து உருண்டையாகிறது. அது தேய்ந்து தீர்ந்ததும் வேறொரு கல் வந்து விழுகிறது. அம்மியும் குழவியும் தெரிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். மேலே மழை பெய்தால் கீழே வெயில் அடிக்கும்போதே இந்த ஓடை பெருகிவிடும். நனைந்த பாறையின் விளிம்பில் படம் எடுக்கப் போய் உயிரை விட்டவர்கள் இருக்கிறார்கள்.

சுவர் தண்ணீரை மட்டும் கையாள்வதில்லை, காற்றையும் கையாள்கிறது. வைகாசி முதல் புரட்டாசி வரை தென்மேற்குப் பருவக்காற்று ஹற்றன், நுவரெலியாப் பக்கத்தில் மோதி மேலேறும். ஏறும் காற்று குளிரும். குளிர்ந்தால் நீராவி மழையாகும். மழையாகும்போது நீராவி தன்னுள் வைத்திருந்த வெப்பத்தைக் காற்றிடமே விட்டுவிடும். மலைமுகட்டைத் தாண்டி ஊவாப் பக்கம் இறங்கும் காற்றில் ஈரம் குறைவு, வெப்பம் மிச்சம். ஈரமில்லாத காற்று ஒவ்வொரு கிலோமீற்றர் இறங்கும்போதும் பத்துப் பாகை சூடாகும். ஏறும்போது அது இழந்தது அவ்வளவு இல்லை. அதனால்தான் ஹற்றனில் குடை பிடித்தவர், பட்டிப்பொலவுக்கும் ஒஹியாவுக்கும் இடையிலான சுரங்கத்தைத் தாண்டியதும் வெயிலில் கண்ணைச் சுருக்குகிறார். இந்த வரண்ட காற்றை நம்மவர்கள் கச்சான் என்கிறார்கள்.

கச்சான் வீசினால் தேயிலைத் தூர் தவிக்கும். கொழுந்து சிறுக்கும். கூடையில் கிலோ ஏறாது. எடுக்கிற பெண்களுக்கு அது சோதனையான மாதம். ஆனால் ஊவாத் தேயிலைக்கு உலகம் முழுவதும் பெயர் வாங்கித் தருவது இந்த ஆடி ஆவணிக் கொழுந்துதான். காரணம் மெத்தில் சாலிசிலேட் என்ற ஒரு பொருள். தசைவலிக்குப் பூசும் தைலப் போத்தலைத் திறந்தால் முதலில் மூக்கில் ஏறுகிறதே, அந்த மணம். வாட்டமும் பூச்சிக் கடியும் வந்தால் செடிகள் தற்காப்பாக உண்டாக்கும் பொருள்களோடு சேர்ந்தது இது. உயிருள்ள இலையில் இதன் பெரும்பகுதி ஒரு சர்க்கரையோடு கட்டுண்டு மணமில்லாமல் கிடக்கும். பறித்த கொழுந்தை முகர்ந்து பாருங்கள். பச்சை வாசம்தான் வரும். தொழிற்சாலையில் வாட்டி உருட்டும்போது இலையின் அறைகள் உடைந்து, ஒரு நொதி வந்து அந்தக் கட்டை அறுக்கிறது. மணம் விடுதலையாகிறது. ஒரு கோப்பை ஊவாத் தேநீரில் குடிப்பது ஒரு செடியின் தவிப்பையும், அதைப் பறித்த கையின் தவிப்பையும். நாட்கூலிக்குக் கிலோ கணக்குக் கேட்கும் ஊரில், எடை குறைந்த மாதத்தின் கொழுந்துக்குத்தான் சந்தையில் விலை அதிகம் என்பதை யாராவது அந்தப் பெண்களுக்கும் கணக்கில் சேர்த்துத் தரவேண்டும்.

தேயிலைக்கு முன் இங்கே கோப்பி. அதை அழித்த இலைத்துரு நோய் இலங்கையில் முதலில் கண்ணில் பட்டது 1869இல், இதே பதுளை மாவட்டத்தின் மடுல்சீமைத் தோட்டமொன்றில். கோப்பி போனது, 1890இல் தோமஸ் லிப்டன் தம்பேதன்னையை வாங்கினார். அவர் உட்கார்ந்து தோட்டத்தைப் பார்த்த இடத்தை லிப்டன் சீற் என்று இன்றும் காட்டுகிறார்கள். அவர் பார்த்ததும் இந்தச் சுவரின் உச்சியிலிருந்துதான்.

கொழுந்தை இறக்க ரயில் வேண்டும். ஹப்புத்தளைக்கு 1893இல் ரயில் வந்தது, பண்டாரவளைக்கு 1894இல். அங்கிருந்து பதுளை முப்பத்துச் சொச்சம் கிலோமீற்றர்தான். அதற்கு மேலும் 30 வருடம் எடுத்தது. 1924இல்தான் பதுளையில் ரயில் நின்றது. எஞ்சின் ஏறக்கூடிய சரிவு 44க்கு 1. அதாவது ஓரடி உயர 44 அடி ஓட வேண்டும். எல்ல பகுதியில் நிலம் அதைவிட வேகமாக இறங்குகிறது. நேரே போக முடியாத பாதை நீளத்தைத் தேடி வளைகிறது. தெமோதரையில் அந்த வளைவு முழு வட்டமாகி, ரயில் தான் நின்ற நிலையத்துக்குக் கீழேயே சுரங்கத்தில் நுழைந்து போகிறது. வழி தெரியாமல் நின்ற பொறியியலாளருக்கு, ஒரு கங்காணி தலைப்பாவை அவிழ்த்துச் சுற்றிக் கட்டியதைப் பார்த்து இந்த யோசனை வந்தது என்று ஒரு கதை உண்டு. ஆவணத்தில் இருக்கும் கதை இல்லை. ஆனால் பாதை வெட்டிய கைகள் யாருடையவை என்பதை மறவாமல் வைத்திருக்கும் கதை. அருகிலுள்ள ஒன்பது வளைவுப் பாலம் 1921இல் முடிந்தது. 91 மீற்றர் நீளம், 24 மீற்றர் உயரம். அதில் உருக்குச் சட்டம் கிடையாது. கல்லும் செங்கல்லும் சீமெந்தும்தான். வளைவுக்குள் ஒவ்வொரு கல்லும் பக்கத்துக் கல்லை நெருக்கிக்கொண்டு நிற்பதால் சுமை ஏற ஏறப் பிடிப்பு இறுகுகிறது.

சுவரின் அடிக்கு இறங்கினால் வெல்லவாயவுக்குத் தெற்கே புதுருவகல. ஒரே பாறையில் ஏழு உருவங்கள். நடுவில் 51 அடி உயரப் புத்தர். மகாயான பௌத்தம் இந்த நாட்டில் செழித்திருந்ததன் சாட்சியாக 9ஆம், 10ஆம் நூற்றாண்டளவில் செதுக்கியவை. ஒரு புறத்து அவலோகிதேசுவரர் மீது பூசிய வெள்ளைச் சாந்து இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆயிரம் மழைக்காலம் அடித்தும் சீவரத்தின் மடிப்பு தெரிகிறது. ஆற்று மணலில் பெரிலியம் எண்ணிச் சொன்ன மந்தத்தை இங்கே வெறும் கண்ணால் பார்க்கலாம்.

வெல்லவாய, புத்தல பக்கத்தில் மலைநாட்டுப் பாறை முடிந்து, வேறொரு பாறைக் குடும்பம் தொடங்குகிறது. கொண்டுவானா மோதலில் மலைநாட்டுப் பாறை இதன் மேல் ஏறிப் படுத்துக்கொண்டது. பிறகு நடுவில் இருந்தது தேய்ந்து போனது. எஞ்சிய ஒரு துண்டு தெற்கே வெகுதூரத்தில், தாய்ப்பாறையிலிருந்து பிரிந்து, கீழ்ப்பாறை மீது தனித் தீவாக நிற்கிறது. கதிர்காமத்தைச் சுற்றிய குன்றுகள்தான் அந்தத் துண்டு. மலைநாட்டிலிருந்து பாதயாத்திரை போகிறவர்கள் நாள்கணக்கில் நடந்து போய்ச் சேர்வது, தாங்கள் புறப்பட்ட மலையின் ஒரு பிள்ளையிடம்.

கொஸ்லந்தையைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம் இருக்கிறது.

தேய்கிற சுவரின் மண் எல்லாம் உடனே கடலுக்குப் போய்விடுவதில்லை. பாறையிலிருந்து கழன்ற கல்லும் மண்ணும் அடியில் வந்து குவிந்து, கொஞ்சம் சாய்வான மேடாகத் தங்கும். பாறை முகத்தோடு ஒப்பிட்டால் அது சமதரைபோலத்தான். மண் ஆழமானது. மேலிருந்து பாறை இடுக்குகளில் இறங்கும் மழைநீர் அங்கே ஊற்றாக வெளிப்படும். தோட்டத்தில் அந்த ஊற்றுக்குத் தகரமோ மூங்கிலோ வைத்துப் பீலி கட்டுவார்கள். தண்ணீரும் சமதரையும் இருக்கும் இடத்தில் லயம் வந்தது. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராக்கள் வரிசையாய் எழுந்தன. பீலிக்கரையில் பெண்கள் கூடினார்கள், பிள்ளைகள் குளித்தார்கள், கோயில் கட்டினார்கள். வாழ்வதற்கு வசதியான இடம் என்று தெரிந்த அதே இரண்டு குணங்கள், ஆழமான தளர்ந்த மண்ணும் அதற்குள் ஓடும் தண்ணீரும், அந்த இடத்தின் ஆபத்தும்கூட. அது ஏற்கெனவே ஒருமுறை சரிந்து வந்து தங்கிய மண்.

ஈர மணலில் வீடு கட்டி விளையாடிய பிள்ளைக்கு இதன் விதி தெரியும். கொஞ்சம் ஈரம் இருந்தால் மணல் ஒட்டும். ஒரு வாளி ஊற்றினால் ஓடிவிடும். மண் துகள்கள் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டிருப்பதால்தான் சரிவு நிற்கிறது. இடைவெளிகளில் நீர் நிறைந்து அழுத்தம் ஏறினால், மேலே உள்ள சுமையின் ஒரு பங்கை நீர் தாங்கத் தொடங்கும். துகள்களின் பிடி அவ்வளவுக்குத் தளரும். அந்தப் பிடி சரிவின் இழுப்பை விடக் குறையும் கணத்தில் மலை நகரும். 24 மணி நேரத்தில் 150 மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு ஏக்கரில் 600 தொன் தண்ணீர். அது மேலோடு ஓடிப்போவதற்காகத்தான் தோட்டத்தில் வடிகாலாகக் கான் வெட்டினார்கள். கான் வெட்டுவதும் கான் அள்ளுவதும் ஒரு காலத்தில் ஆண்களின் முழுநேர வேலை. ஆள் குறைத்து, கான் தூர்ந்து போனால் அந்தத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்குவதைத் தவிர வேறு வழியில்லை.

2014 ஒக்டோபர் 29, புதன்கிழமை காலை ஏழரை மணியளவில் மீரியபெத்தையில் மலை நகர்ந்தது. லயங்கள் வரிசையோடு மண்ணுக்குள் போயின. காலையில் பள்ளிக்கூடம் புறப்பட்டுப் போன பிள்ளைகள் சிலர் தப்பினார்கள். அவர்கள் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, வீட்டில் விட்டுவந்தவர்களும் இல்லை. உடல்கள் எல்லாம் கிடைக்கவில்லை. பலருக்கு அந்த மண்ணே கல்லறை. எஞ்சியவர்கள் பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் இரண்டு வருடம் அகதிகளாக இருந்து, 2016இல்தான் புது வீட்டுக்குப் போனார்கள்.

அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் ஏற்கெனவே எச்சரித்திருந்தார்கள். இதைச் சொல்லிவிட்டு, மக்கள் ஏன் போகவில்லை என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். எங்கே போவது? லயக் காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம். காணி தோட்டத்துக்குச் சொந்தம். சொந்தமாக 7 பேர்ச் நிலம் என்பதே பிற்காலத்துப் பேச்சு. போகச் சொன்னால் போதாது. போக ஓர் இடம் வேண்டும். மண்ணியல் தெரியாமல் அந்த மக்கள் சாகவில்லை. மண் இல்லாமல் செத்தார்கள். 2023 மார்ச்சில் பூனாகலையின் கபரகலைத் தோட்டத்திலும் மண் சரிந்தது, லயங்கள் சேதமாயின.

மலை சொல்லாமல் நகர்வது குறைவு. தரையில் புதிதாக வெடிப்பு விழும். மரமும் மின்கம்பமும் சாயும். கதவு நிலையில் மாட்டிக்கொள்ளும். எப்போதும் தெளிவாக வரும் பீலித் தண்ணீர் திடீரென்று செம்மண்ணாய்க் கலங்கும், அல்லது நின்றுபோகும், அல்லது நேற்று ஊற்று இல்லாத இடத்தில் இன்று பொங்கும். மண்ணுக்குள் நடப்பதைப் பீலிதான் முதலில் சொல்கிறது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மழைக்கும் எல்லை வகுத்திருக்கிறது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் விழித்திருக்க வேண்டும். 100 தாண்டினால் புறப்பட ஆயத்தமாக வேண்டும். 150 தாண்டினாலோ, ஒரே மணி நேரத்தில் 75 பெய்தாலோ வெளியேறிவிட வேண்டும்.

தியலுமவுக்குப் போகிறவர்கள் வழியில் கொஸ்லந்தையில் இறங்கி ஒரு தேநீர் குடியுங்கள். அண்ணாந்து அந்தச் சுவரையும், அதன் அடியில் இருக்கும் லயங்களையும் பாருங்கள். மலைநாட்டில் உங்களுக்கு அக்காவோ மாமாவோ, கூடப் படித்தவரோ இருந்தால் இந்த ஒரு விஷயத்தைச் சொல்லிவையுங்கள். மழையளக்க இயந்திரம் தேவையில்லை. வாயும் அடியும் ஒரே அகலமான, பக்கம் நேரான பால்மா டின் ஒன்றைத் திறந்த வெளியில் வைத்து, காலையில் பிள்ளையின் அடிமட்டத்தை உள்ளே விட்டுப் பார்த்தால் போதும். ஏழரை சென்டிமீற்றர் நின்றால் 75 மில்லிமீற்றர். 15 சென்டிமீற்றர் நின்றால் 150. பெருமழை நாளில் காலைவரை காத்திருக்காமல் மணிக்கொரு தடவை பார்க்க வேண்டும். 15 சென்டிமீற்றரைத் தொட்டுவிட்டால் அன்றிரவு அந்தச் சுவரின் அடியில் யாரும் படுக்கக்கூடாது.